மூன்று சுற்று வெள்ளிப் புகை

முப்பிடாதியின் பாட்டு முப்பத்தெட்டு விநாடி. யாராவது இல்லை என்று சொன்னால் செல்போனை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டிவிடுவேன். மூன்று வருடமாக அவள் பாடிய ஒவ்வொரு பாட்டையும் நேரம் பிடித்து அதில் குறித்துவைத்திருக்கிறேன். மேடையில் பாடும் பாட்டைச் சொல்லவில்லை. கபடியில் எதிராளி கட்டத்துக்குள் புகுந்து, ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் நாங்கள் பாட்டு என்போம். அதற்கு முப்பது விநாடிதான் கெடு. முப்பிடாதி ஆளைத் தொட்டுத் திரும்பிவந்து, நடுக்கோட்டில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, மிச்ச மூச்சையும் எங்கள் காதில் பாடிக்காட்டி வெறுப்பேற்றுவாள்.

நான் பேச்சிச்செல்வி. அணிக்கு கேப்டன். இடது மூலையில் நிற்கும் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துத் தரையோடு தரையாக அமுக்குவது என் வேலை. நான் பாடப் போவதே இல்லை.

நாங்கள் பயிற்சி எடுத்தது துறைமுகச் சாலையில், முன்பு சரக்கு அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியில். எங்கள் கோச் ரெக்ஸ் அண்ணன் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கெடுக்கிறவர். யாரையோ பிடித்து அந்த இடத்தை வாங்கித் தந்தார். வாசலில் ஓயாமல் லாரி போகும். புழுதி வராமலிருக்க ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் ஆடுவோம். பன்னிரண்டு பெண்கள் விழுந்து புரண்ட ரப்பர் மெத்தை எப்படி நாறும் என்று கேட்காதீர்கள். ஒருநாள் ஒருத்தி மெத்தையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மறுநாள் நான் அப்பா கடையிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என் அப்பா பாண்டித்துரைக்கு மட்டக்கடையில் பலசரக்குக் கடை. பூர்வீகம் சாத்தான்குளம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, கல்லாவிலிருந்து கடைசி மூட்டைவரை சாம்பிராணி காட்டாமல் அவருக்கு ஒருநாளும் முடியாது. கொரோனா சமயத்தில் ஓர் ஏஜென்ட் வந்து, புகை அடிக்கிற மெஷினையும் ஐந்து லிட்டர் கேனையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். கேனில் ‘நானோ சில்வர்’ என்று எழுதியிருந்தது. அன்றோடு சாம்பிராணிச் சட்டி பரண் ஏறியது. “வெள்ளிம்மா இது! கிருமி கிட்டக்க வருமா? சாமிக்கே வெள்ளிக் கவசம்தான போடுதோம்?” என்பார் அப்பா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தை மாதம் கிட்டங்கியில் முதல் நாள் மெஷினை ஓட்டினேன். தினமும் அப்பா கடையில் அடித்து முடித்ததும் எடுத்துவந்து, பயிற்சி முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவேன். எலுமிச்சை வாசத்தோடு வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. புகை வீணாகிவிடக் கூடாதே என்று ஷட்டரைக் கடைசிவரை இறக்கினோம். நான் மெத்தையைச் சுற்றி வந்தேன். எங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்று, இரண்டு கையாலும் புகையை முகத்துக்கு இழுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்ய யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கடையிலோ வீட்டிலோ யார் புகை கொண்டுவந்தாலும் கை தானாக நீளும். மெத்தை நாற்றம் இரண்டே நாளில் ஓடிப்போனது. எனக்கு ஒரே பெருமை.

பங்குனியில் முப்பிடாதிக்கு இருமல் வந்தது. பாட்டு முப்பத்துமூன்று ஆனது. பிறகு இருபத்தொன்பது. பிறகு ஒரு போட்டியில், எல்லாரும் பார்க்க, எதிராளி கட்டத்தின் நடுவில் மூச்சு அறுந்து நடுவர் விசில் ஊதிவிட்டார். முப்பிடாதி மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் வயக்காட்டுக் கிராமம். இங்கே ஒரு ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு ஆட வருகிறவள். மாநில அணித் தேர்வில் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசிப் பெயராக விடுபட்டவள். ஆவணியில் மூன்றாவது தேர்வு. “இந்தத் தடவ விட்டேன்னா, மெத்தையில காலே வைக்க மாட்டேன்ளா” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள், பாவி.

“ஊர்க் கண்ணு பூரா ஒன் மேலதான்” என்றார்கள் பிள்ளைகள். திருஷ்டி கழிக்கத் தீர்மானமானது. அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் முப்பிடாதியை நடுவில் உட்காரவைத்து, மெஷினை அவள் தலையைச் சுற்றி மூன்று சுற்று சுற்றுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். “நல்லா இழுளா! உள்ள போவட்டும்!” என்பேன். இதைச் சொன்ன வாய் என் வாய்தான். அவள் இருமினால் இன்னும் ஒரு சுற்று கூடும்.

பாட்டு இருபத்துநான்குக்கு வந்தபோது ரெக்ஸ் அண்ணன் எங்கள் இருவரையும் நுரையீரல் டாக்டர் இனிகோவிடம் அனுப்பினார். முப்பிடாதி டாக்டரைக் கண்டால் வாய் திறக்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அவளைக் குழாயில் ஊதவைத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். “ஆடுற எடத்துல மருந்து, ஸ்ப்ரே, புகை எதாவது அடிக்கியளாம்மா?”

“ஒண்ணும் கெடையாது டாக்டர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் கொண்டுவந்த பொருளை ஒருத்தர் குறை சொல்லிவிடக் கூடாது. அந்தத் திமிர்தான், வேறொன்றுமில்லை. முப்பிடாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதனால் ஒரு விநாடிகூடக் கூடவில்லை.

வைகாசியில் அவள் ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்த அன்று சும்மா பாடிப் பார்க்கச் சொன்னேன். முப்பத்தொன்று! கிட்டங்கியே அதிர்ந்தது. குலவை போட்டார்கள், என்னைத் தூக்கினார்கள், அவளைத் தூக்கினார்கள். “அம்மன் குடுத்துட்டாளே!” என்று கத்தினேன். சந்தோஷத்தில் மெஷினை எடுத்து மூன்று சுற்றுக்கு ஐந்து சுற்றாகச் சுற்றினேன்.

மறுநாள் காலை, அவள் கடைக்குப் போகும் முன் மறுபடி பாடவைத்தேன். இருபத்துமூன்று.

நான் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொன்று, இருபத்துமூன்று. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். குறித்துவைத்ததை எல்லாம் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தேன். மழைக்காக இரண்டு நாள் பயிற்சி இல்லாதபோது ஒரு விநாடி ஏறியிருக்கிறது. மெஷின் ரிப்பேரான வாரம் இரண்டு விநாடி ஏறியிருக்கிறது. அதைச் சரிபண்ணிக் கொண்டுவந்த அன்றே இறங்கியிருக்கிறது. “அடப் பாவி” என்று என்னையே வைதேன். கேனைத் தூக்கி ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, போட்டிருந்த ஆட்ட டிரஸ்ஸோடு டாக்டரிடம் பறந்தேன்.

“டாக்டர், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்” என்றுதான் உள்ளே நுழைந்தேன். இனிகோ டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேனைப் படித்தார். ஷட்டரை இறக்கியதையும், கையால் புகையை இழுத்ததையும், மூன்று சுற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். செல்போன் கணக்கையும் காட்டினேன்.

“புண்ணுல பூச வெள்ளி மருந்து உண்டும்மா. மூச்சுல போறது வேற சங்கதி” என்றார். “இதுல இருக்க வெள்ளித் துகள், தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. லாரிப் புழுதி பெரிசு. மூக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கிடும், தும்மினா போயிரும். இது நுரையீரல்ல கடைசிக் காத்துப் பை வரைக்கும் போய் உக்காந்துரும்.”

“உக்காந்து என்ன செய்யும் டாக்டர்?”

“அங்கன கூட்டிப் பெருக்குறதுக்குன்னே செல்லு உண்டு. அது இத முழுங்கும். முழுங்கின வெள்ளி சும்மா கெடக்காது, உள்ள கொஞ்சங்கொஞ்சமா கரையும். கரையக் கரைய அந்தச் செல்லுக்கே ஆகாது. அது ஒதவிக்கு ஆளக் கூப்பிடும். அந்த எடம் பூரா வீங்கும், நீர் கோக்கும். அந்தப் பிள்ளைக்கு மூச்சு நிக்காததுக்கு அதுதான் காரணமா இருக்கணும். நீங்க தெனமும் புதுசா போட்டுக்கிட்டே இருந்திருக்கிய.”

“கரைஞ்சி முடிஞ்சா போயிருமா?”

“ரொம்பப் பொடிசு சீக்கிரம் கரைஞ்சி, சீக்கிரமே ரகளை பண்ணும். கொஞ்சம் பெரிசு நின்னு நிதானமா மாசக்கணக்குல இருக்கும். கரைஞ்சதுல ஒரு பங்கு ஒடம்புல உள்ள கந்தகத்தோட சேந்து கறுத்துப்போயி அங்கனயே தங்கிரும். ஒன் கொலுசு கறுக்குல்லா, அதே மாதிரிதான். கறுத்தது அவ்வளவா தொந்தரவு பண்ணாதுங்காங்க. இதெல்லாம் எலியில பாத்தது. மொத வாரம் வீக்கம், பெறகு அடங்குது. செல எலிக்கு ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பவும் லேசா வந்திருக்கு. மனுசங்கள்ல இன்னும் சரியாத் தெரியாது. நான் உத்தரவாதம் தர மாட்டேன்.”

“ஆவணியில செலக்சன் டாக்டர். ஒம்பது வாரம்தான் இருக்கு.”

“இன்னையோட நிறுத்துங்க. நல்ல காத்துல இருக்கட்டும். நான் தர்ற மருந்த ஒழுங்கா எடுக்கட்டும். ஒம்பது வாரம் நல்ல நேரம்தான்.” கேனை மூடி ஓரமாக வைத்தார். “மெஷினத் தூக்கினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீயும் இதுல ஊது.”

எனக்குச் சுருக்கென்றது. “எனக்கென்ன டாக்டர்? நான் கார்னர். பாடவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காலையில் எனக்கு வருகிற இருமலுக்குக் குல்ஃபி ஐஸ்தான் காரணம் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன். முப்பிடாதி ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே இழுத்து, ட்ரையல் ரூம் வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையில் ஒரு சேலை இருந்தது. மடித்த சேலையை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“டாக்டர்ட்ட ஏம்ளா பொய் சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

“திமிருளா.”

“ஒன் அழுகைய நீயே வச்சிக்க. எனக்கு முப்பத்தெட்டு வேணும்” என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொள் என்று கடைப் பையிலிருந்து ஒரு கர்சீப்பை எடுத்து நீட்டினாள்.

அன்று மாலை அப்பா கடையில் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார். சொன்னால் நம்பவில்லை. “அஞ்சு வருசமா அடிக்கேன், எனக்கு என்ன வந்துட்டு? சாமிக்கே வெள்ளிக் கவசம்தான...”

“சாமி மூச்சு விடாதுப்பா!” என்று கத்திவிட்டேன். சாமான் வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மெஷினை அணைத்தார். பிறகு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஷட்டரை முழுக்க மேலே தூக்கிவிட்டார். அன்று கடைக்குள் புழுதியும் மீன் வாடையும் தாராளமாக வந்தன.

கிட்டங்கியில் மெத்தையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் போட்டோம். ஷட்டரைத் திறந்தே வைத்தோம். முப்பிடாதிக்கு மட்டும் கடற்கரையில் விடிகாலைப் பயிற்சி. முதல் வாரம் இருபத்துநான்கு. மூன்றாம் வாரம் இருபத்தொன்பது. நான் சாப்பிடுவதையும் மறந்து செல்போனோடு அலைந்தேன். ஆறாம் வாரம் பாட்டு இருபத்தாறுக்கு இறங்கியபோது நான் நம்பாமல் இன்னொரு தடவை பாடவைத்தேன். “டாக்டர் சொன்னாருல்லா, எலிக்கும் இப்படித்தான் வந்துன்னு. நான் எலின்னு நெனச்சிக்க” என்று முப்பிடாதிதான் எனக்குத் தைரியம் சொன்னாள். எட்டாம் வாரம் முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை. தேர்வும் வந்துவிட்டது.

தருவை மைதானத்தில் ஏழு மாவட்டப் பெண்கள். நானும் பெயர் கொடுத்திருந்தேன். தேர்வாளர்கள் எங்களைக் கலைத்துப் போட்டு இரண்டு அணியாகப் பிரித்தார்கள். முப்பிடாதிக்கு மஞ்சள் பனியன். எனக்கு நீலம். அவள் பாடி வந்தால் பிடிக்க வேண்டியவள் நான்.

ஆறு பாட்டு பாடினாள். எல்லாம் குட்டைப் பாட்டு. பத்து விநாடி, பன்னிரண்டு விநாடி. தொடுவாள், ஓடிவிடுவாள். தேர்வாளர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். போன வருடமும் இதே மாதிரித் தலையை ஆட்டித்தான் அவளை விட்டார்கள். ஏழாவதுதான் கடைசிப் பாட்டு என்று நடுவர் சொன்னார்.

வந்தாள். நேராக என் மூலைக்கு வந்தாள். எத்தனை பேர் இருந்தாலும் என்னிடம்தான் வருவாள், மூதேவி! ‘கபடி கபடி கபடி’ என்று என் மூஞ்சிக்கு நேரே பாடிக்கொண்டு இடமும் வலமும் ஆடினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினைந்து. பதினெட்டு. கால் நீண்டது, என் தோளைத் தொட்டது. அந்தக் கணுக்காலைப் பிடித்தேன்.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. லேசாகப் பிடியைத் தளர்த்தினால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். ஒரு பொய் சொல்லி அவள் மூச்சைக் கெடுத்தது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். மூன்று பேர் அவள் மேல் விழுந்தார்கள். நடுவர் குனிந்து அவள் வாயருகே காதை வைத்தார்.

பாட்டு நிற்கவில்லை! நான்கு பேருக்கு அடியிலிருந்து மெல்லிசாக, ‘கபடி கபடி’ என்று வந்துகொண்டே இருந்தது. இருபத்துமூன்று. எங்கள் நான்கு பேரையும் சேர்த்து இழுத்தாள். இருபத்தைந்து. என் முழங்கை தோல் உரிந்தது. இருபத்தேழு. அவள் விரல் நுனி நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. “பாடு! பாடுளா!” என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். அது நான்தான். எதிரணிக்காரியின் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவளுக்கே கத்தினேன். இருபத்தொன்பதில் விரல் கோட்டைத் தொட்டது. விசிலுக்குப் பிறகும் அவள் பாட்டு ஓடியது. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, மிச்சத்தையும் பாடிக்காட்டினாள்.

பட்டியல் வாசித்தபோது முப்பிடாதியின் பெயர் மூன்றாவதாக வந்தது. என் பெயர் வரவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்தது. நின்றபாடில்லை. ரெக்ஸ் அண்ணன் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். நான் மெத்தை ஓரத்தில் குந்திவிட்டேன்.

முப்பிடாதி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். என் பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

“பாடு” என்றாள். 

“நான் கார்னருளா...”

“பாடுன்னா பாடு.”

எழுந்து நின்று, மூச்சை இழுத்து, ‘கபடி கபடி’ என்று ஆரம்பித்தேன். அறுந்துபோனதும் அவள் விரலை அழுத்தினாள். செல்போனைத் திருப்பி என்னிடம் காட்டினாள். பதினான்கு.

ஐந்து மாதம் அந்த மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றியவள் நான். ஒவ்வொரு சுற்றிலும் முதல் புகை என் மூஞ்சியில்தான் பட்டிருக்கிறது. அவள் தலையைச் சுற்றும்போதும் “நல்லா இழு” என்று சொல்வதற்காக வாயைத் திறந்தபடிதான் நின்றிருக்கிறேன்.

“நாளைக்குக் காலையில டாக்டர்ட்ட போறோம்” என்றாள் முப்பிடாதி. “அந்தக் குழாயில நீ ஊதுத. நான் பக்கத்துல நின்னு பாப்பேன். பொய் சொன்ன, கிள்ளிருவேன்.”

நான் தலையாட்டினேன். அவள் செல்போனில் தன் கணக்கை மூடிவிட்டு, புதிதாக ஒரு பக்கம் திறந்து என் பெயரைப் போட்டாள். அடியில் பதினான்கு என்று எழுதினாள். பிறகு கடல் இருக்கும் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

“நல்லா இழுளா” என்றாள். “வெறுங்காத்துதான்.”